டிம் லூக்காஸும் அவர் ஒப்பிட்டுப் பார்த்த பிரதிகளும்

நிழற்கூத்து எழுதியது:

பழைய இத்தாலியத் திகில் படம் ஒன்றின் ப்ளூரேயை வாங்கினால், உறையின் பின்பக்கத்தில், படத்தோடு ஒலிக்கும் விளக்கவுரையை வழங்கியவராக அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் டிம் லூக்காஸின் பெயர் இருப்பதற்குப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. அந்தப் பெயரை நாம் இங்கே அடிக்கடி போகிற போக்கில் குறிப்பிடுகிறோமே தவிர, அவருடைய வாழ்நாள் உழைப்பை எடுத்து வைத்துப் பேசியதில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1956இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் பிறந்தவர் அவர். பதின்ம வயதிலேயே 'சினிஃபன்டாஸ்டிக்' இதழுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். ஃபிரெடரிக் கிளார்க் 1970இல் தொடங்கிய அந்த இதழ், அதுவரை சிறுவர்களுக்கான பூதப் பட இதழ்கள் கையில் இருந்த ஒரு துறையைப் பெரியவர்கள் படிக்கத்தக்க மொழியில் பேசியது. 1981ஆம் ஆண்டின் இறுதியில் டொரான்டோவில் டேவிட் குரோனன்பர்க் 'வீடியோட்ரோம்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த இதழுக்காக லூக்காஸ் படப்பிடிப்புத் தளத்துக்கே சென்று குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள் நூலாக வந்தது 2008இல். ஒரு செய்தியாளர் தன் குறிப்பேட்டைக் கால் நூற்றாண்டு காப்பாற்றி வைத்திருந்து பயன்படுத்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அவருடைய தலையாய பணி இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவைப் பற்றியது. 1975இல் தொடங்கிய ஆய்வு 2007இல்தான் நூலாக முடிந்தது. 32 ஆண்டுகள், 1128 பக்கங்கள், ஐந்து கிலோவுக்கு மேல் எடை, மார்ட்டின் ஸ்கார்செஸியின் முன்னுரை. ஆய்வு தொடங்கியபோது பாவா உயிருடன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1980 ஏப்ரலில் மறைந்தார். நூல் வெளிவந்தபோது அவர் போய் 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த நீண்ட காலத்துக்கு என்ன காரணம் என்று யோசித்தால், லூக்காஸின் அடிப்படையான பிடிவாதம் ஒன்று புலப்படுகிறது. ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு முன், நம் கையில் இருப்பது எந்தப் படம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு மிக எளிய விஷயமாகத் தோன்றும். பாவாவின் 'பிளாக் சாபத்' படத்தை எடுத்துக்கொண்டால் அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

1963இல் வந்த அந்தப் படத்தில் மூன்று கதைகள். இத்தாலியப் பிரதியில் முதலில் தொலைபேசிக் கதை, அடுத்து இரத்தம் குடிக்கும் குடும்பத்தின் கதை, கடைசியாகத் தண்ணீர்த் துளியின் கதை. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் இதை வாங்கியபோது தண்ணீர்த் துளியை முதலுக்கும் இரத்தம் குடிப்பவர்களை இறுதிக்கும் நகர்த்தியது. ரொபேர்த்தோ நிகொலோஸியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரின் இசையைப் போட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசிக் கதையையே வேறொன்றாக மாற்றிவிட்டது. இத்தாலியப் பிரதியில் ரோஸி என்ற பெண்ணை மிரட்டி அழைப்பவள் அவளுடைய முன்னாள் காதலியான மேரி. இரு பெண்களின் காதல் அன்றைய அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஆகாது என்று கருதி, வசனத்தை மாற்றி, ஒரு கடிதத்தைச் செருகி, அழைப்பவரை ஒரு பேயாக்கிவிட்டார்கள். பேயே இல்லாத கதையில் பேய் புகுந்தது இப்படித்தான்.

அமெரிக்கப் பிரதியை மட்டும் பார்த்துவிட்டுப் பாவாவின் கதை சொல்லும் முறையில் குறை கண்ட விமர்சகர் யாரைக் குறை கூறினார்? இந்தக் கேள்வியைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்தவர் லூக்காஸ். ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்துப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்த பழைய பதிப்பாசிரியர்களின் பொறுமையை நான் அவரிடம் காண்கிறேன். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.


ஒலிநாடா எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. இந்தப் பணிக்கு அடிப்படையாக இருந்த கருவியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வீடியோ கேசட் வீட்டுக்குள் வரும்வரை பெரும்பாலான விமர்சகர்களால் ஒரு படத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, நேரம் குறித்துப் பார்க்க முடிந்ததில்லை. திரையரங்கில் ஒருமுறை பார்த்து நினைவிலிருந்து எழுதுவதே வழக்கம். 1980களின் நடுவில் ஒரு வீடியோ இதழில் 'வீடியோ வாட்ச்டாக்' என்ற தலைப்பில் பத்தி எழுதத் தொடங்கிய லூக்காஸ், இந்தப் புதிய வசதியின் பொருள் என்ன என்பதை எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டார். பத்தி பிறகு 'கோர்ஸோன்' இதழுக்கு நகர்ந்தது. 1990இல் அதே பெயரில் தனி இதழானது.

அந்த இதழ் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை இங்கே பதிவு செய்கிறேன். தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்த இத்தாலியப் படத்தின் கேசட்டைக் கையில் கடிகாரத்துடன் ஓட்டிப் பார்த்தேன். அமெரிக்கக் கையேடு ஒன்றில் 88 நிமிடம் என்று அச்சாகியிருந்த படம், என் வீட்டுத் தொலைக்காட்சியில் 84 நிமிடமும் ஏறத்தாழ 30 விநாடியும்தான் ஓடியது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் மூன்றரை நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, நண்பர்களுக்கு நீண்ட கடிதமும் எழுதிவிட்டேன். உண்மையில் ஒரு சட்டகம் (ஃபிரேம்) கூட வெட்டப்படவில்லை. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. பிரிட்டனிலும் நம் நாட்டிலும் இருந்த 'பால்' (PAL) முறைத் தொலைக்காட்சி 25 சட்டகம் காட்டுகிறது. ஆகவே 'பால்' முறைக் கேசட்டில் எந்தப் படமும் நூற்றுக்கு நான்கு பங்கு குறுகிவிடும். நூறு நிமிடப் படம் 96 நிமிடமாகும். 88ஐ 0.96ஆல் பெருக்கினால் என் கடிகாரம் காட்டிய நேரம் அப்படியே வந்து நின்றது. லூக்காஸின் இதழ் ஓட்டநேரத்தைக் குறிப்பிடும்போது எந்த நாட்டுப் பிரதி, எந்த முறை என்பதையும் சேர்த்தே எழுதியதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இல்லாத வெட்டைக் கண்டுபிடிப்பதும் இருக்கும் வெட்டைத் தவறவிடுவதும் ஒரே அளவு பிழைதான். இந்தக் கவனம் பொழுதுபோக்குக்காரரின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.


கடைசி வரிசை எழுதியது:

நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஆனால் வேறொரு தயக்கத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

32 ஆண்டுகளை ஓர் இயக்குநருக்குக் கொடுப்பதன் பெருமையை நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். அதன் விலையையும் பேச வேண்டும். சொந்தமாக வெளியிட்ட நூல், கனமான நூல், சாதாரண வாசகரால் வாங்க முடியாத விலை. ஒரு நகரத்து நூலகத்தில்கூட எளிதில் கிடைக்காத ஒன்றை வரலாறு என்று சொல்லும்போது, அந்த வரலாறு யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொன்று: பிரதிகளை ஒப்பிடுவதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டால், படம் என்ன சொல்கிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படாதா? எந்தக் காட்சி எத்தனை விநாடி நீளம் என்று தெரிந்துகொண்ட பிறகும், அந்தக் காட்சி ஏன் நம்மை உலுக்குகிறது என்பது தெரியாமலே இருந்துவிடலாம். 'கல்ட்' என்று சிறு ரசிகர் கூட்டம் கொண்டாடும் படங்களைச் சுற்றி எழுதுபவர்கள் பலரிடம் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன். தகவல் மலையாகக் குவிகிறது. தீர்ப்பு கடுகளவு இருக்கிறது.

நிழற்கூத்து எடுத்துக்காட்டிய 'பிளாக் சாபத்' விஷயத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. அமெரிக்கப் பிரதி வெறும் சிதைவு என்று தள்ள முடியாது. படத்தில் நடித்த போரிஸ் கார்லாஃபின் சொந்தக் குரல் அதில்தான் இருக்கிறது. இத்தாலியப் பிரதியில் வேறொருவர் இத்தாலிய மொழியில் குரல் கொடுத்திருக்கிறார். கார்லாஃபின் குரலை இழந்துவிட்டு எந்தப் பிரதியை மூலம் என்று சொல்வீர்கள்?


மூன்றாம் ரீல் எழுதியது:

கடைசி வரிசை அவர்களின் கடைசிக் கேள்வி மிகவும் சரியானது. லூக்காஸ் முறையின் பெறுமதியே அங்குதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரு பிரதிகளையும் அருகருகே வைத்து, எது எதில் இருக்கிறது என்று எழுதிய பிறகுதானே இந்தக் கேள்வியையே உங்களால் கேட்க முடிகிறது?

தகவலுக்கும் தீர்ப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டால் பதில் சொல்கிறேன். 1957இல் இத்தாலியில் வெளியான 'இ வம்பீரி' படத்தை ரிக்கார்தோ ஃப்ரேதா தொடங்கி நடுவில் விலகிவிட, ஒளிப்பதிவாளராக இருந்த பாவாவே முடித்துக் கொடுத்தார். அதில் ஜான்னா மரியா கனாலே நடித்த அழகிய சீமாட்டி, வெட்டே இல்லாமல் ஒரே காட்சியில், கேமராவின் கண்முன்னே கிழவியாகிவிடுகிறாள். முகத்தில் சுருக்கங்கள் தாமாக ஊறி வருகின்றன. இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்ப்பவர் திடுக்கிடுவார்.

அதைச் செய்த விதம் இது. சுருக்கங்களைச் சிவப்பு ஒப்பனையால் முகத்தில் முன்னதாகவே வரைந்துவிடுகிறார்கள். முகத்தின் மேல் சிவப்பு ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை, கறுப்புவெள்ளைப் பிலிமில் அந்தச் சிவப்புக் கோடுகள் தோலோடு கரைந்து காணாமல் போகும். ஒளியை மெல்லப் பச்சைக்கோ நீலத்துக்கோ மாற்றினால் அதே கோடுகள் கறுத்து வெளியே வரும். நடிகை அசையாமல் நிற்கிறார். மாறுவது விளக்கு மட்டுமே. இந்த உத்தி ஹாலிவுட்டில் 1931ஆம் ஆண்டு ஜெகில் ஹைட் கதையில் ஏற்கெனவே கையாளப்பட்டதுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

இந்தத் தகவல் தெரிந்த பிறகு பாவாவைப் பற்றிய என் தீர்ப்பே மாறியது. அவருடைய தந்தை எயுஜேனியோ பாவா ஊமைப்பட காலத்திலிருந்தே ஒளிப்பதிவாளராகவும் தந்திரக் காட்சி நிபுணராகவும் இருந்தவர். கதையை எழுத்திலிருந்து யோசிக்காமல், விளக்கு, கண்ணாடி, வண்ணம் இவற்றிலிருந்து யோசிக்கும் குடும்பத் தொழில் அது. 'பிளானட் ஆஃப் த வாம்பயர்ஸ்' படத்தின் கிரகத்தை இரண்டு பிளாஸ்டிக் பாறைகளையும் கண்ணாடிகளையும் புகையையும் வைத்தே உருவாக்கியதாகப் பாவா சொன்னது பலருக்கும் தெரிந்த செய்தி. கதை மெலிந்திருக்கிறது என்று பாவாவைக் குறை கூறியவர்கள் தச்சரிடம் போய்க் கவிதை கேட்டவர்கள். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது லூக்காஸ் குவித்த தகவல் மலையே.

பெயர் போடப்படாத வேலைகளையும் மறந்துவிடக் கூடாது. பாவா பிற இயக்குநர்களின் படங்களில் தந்திரக் காட்சிகளைச் செய்து கொடுத்தார். பாதியில் நின்ற படங்களை முடித்தும் கொடுத்தார். பெரும்பாலானவற்றில் அவருடைய பங்கு பெயர்ப் பட்டியலிலிருந்து தெரிய வராது. தாரியோ ஆர்ஜென்தோவின் 'இன்ஃபெர்னோ' வரை அது தொடர்ந்தது. இத்தகைய வேலைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதற்கு 32 ஆண்டுகள் நீளமென்று எனக்குத் தோன்றவில்லை.


வெண்திரை வாசகி எழுதியது:

இதுவரை வந்த பதிவுகள் எதிலும் டோனா லூக்காஸின் பெயர் இல்லை. இதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

'வீடியோ வாட்ச்டாக்' ஒருவர் நடத்திய இதழ் அன்று. கணவனும் மனைவியுமாகச் சின்சினாட்டியில் தங்கள் வீட்டிலிருந்தே நடத்திய இதழ் அது. பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்ப்பது, அச்சகத்தோடு பேசுவது, சந்தா, அஞ்சல் என்று ஓர் இதழை வாசகர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வேலைகள் டோனாவின் பொறுப்பில் இருந்தன. பாவா நூலையும் அவரே வடிவமைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் படங்களையும் குறிப்புகளையும் ஒழுங்குபடுத்துவது எத்தகைய வேலை என்பது, ஒரு சிற்றிதழின் நாற்பது பக்கத்தையாவது கட்டமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அதைச் செய்திருக்கிறேன். ஒரு படக்குறிப்பு ஒரு வரி கூடினால், அடுத்த எட்டுப் பக்கங்களும் நகரும். இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

'முழுமை நாடுவோருக்கான விந்தை வீடியோக் கையேடு' என்ற பொருளில் அந்த இதழ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. அந்த முழுமை எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் பிழை மலிந்திருக்கும் இதழ், பிறருடைய பிரதியில் பிழை சுட்ட முடியாது. சுட்டும் உரிமையை அந்த இதழுக்குச் சம்பாதித்துக் கொடுத்ததில் டோனாவின் பங்கு பாதி.

கடைசி வரிசை அவர்கள் விலையைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நூல் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வாசகர்கள் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். எந்தப் பதிப்பகமும் ஏற்கத் தயங்கும் அளவிலான ஒரு நூலை வாசகர்களே தாங்கிப் பிடித்தார்கள். அது சிறு கூட்டத்துக்கான நூல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிறு கூட்டம் இல்லையென்றால் நூலே இல்லை.


கடைசி வரிசை எழுதியது:

வெண்திரை வாசகி அவர்களுக்கு நன்றி. டோனாவைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. விலை குறித்த என் வாதத்தை ஓரளவு திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் மனம் மாறவில்லை. 1990இல் வந்த முதல் இதழிலேயே லூக்காஸ் ஸ்பானிய இயக்குநர் ஜெஸ் ஃப்ராங்கோவை எப்படி வாசிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஃப்ராங்கோவின் எல்லாப் படங்களையும் பார்க்காமல் ஒன்றையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அவர் எடுத்ததோ நூற்றைம்பதுக்கு மேல். பாதிக்குப் புனைபெயர்கள், ஒன்றே இரண்டு மூன்று வடிவங்களில். இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், அவசரமாக எடுக்கப்பட்ட ஒரு மோசமான படத்தை எவராலும் மோசம் என்று சொல்லவே முடியாது. 'மற்றவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று வாயை அடைத்துவிடலாம்.


நிழற்கூத்து எழுதியது:

ஃப்ராங்கோ விஷயத்தில் நானும் பாதி உங்கள் பக்கமே இருக்கிறேன். அந்தப் படங்களில் பலவற்றை என்னால் இறுதிவரை பார்க்க முடிந்ததில்லை. ஆயினும் அந்தக் கட்டுரை ஒரு கதவைத் திறந்தது. ஒரே கருப்பொருளை மீண்டும் மீண்டும் வேறு வேறு சுருதியில் வாசித்துப் பார்க்கும் ஓர் இசைக்காரரைப் போல ஃப்ராங்கோவை அணுகலாம் என்று அது காட்டியது. ஃப்ராங்கோ இசை பயின்றவரும்கூட. வரலாற்றாசிரியர் ஓர் அணுகுமுறையைக் கொடுக்கிறார். அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நிராகரிக்கும் உரிமை வாசகருக்கு இருக்கிறது. வாய் அடைக்கப்பட்டதாக நான் உணரவில்லை.

வேறொன்றையும் சேர்க்க வேண்டும். 1994இல் லூக்காஸ் எழுதிய முதல் நாவலில், விளம்பரத் துறையில் வேலை பார்க்கும் ஒருவன், வயது வந்தோருக்கான திரையரங்கு ஒன்றில் ஒரு விசித்திரப் படத்தைப் பார்த்து, அதன் வெறியில் வாழ்க்கையையே இழக்கிறான். துண்டாகிப் போன படச்சுருளின் ஈர்ப்பு மனிதனை என்ன செய்யும் என்பதை, அந்த ஈர்ப்பிலேயே வாழ்ந்த ஒருவர் இரக்கத்துடன் எழுதியிருக்கிறார். ஏன் ஒரு காட்சி உலுக்குகிறது என்ற உங்கள் முந்தைய கேள்விக்கு அவர் புனைவில் பதில் தேடினார் என்று நான் வாசிக்கிறேன்.


புது உறுப்பினர் எழுதியது:

வணக்கம். இழை முழுவதையும் படித்தேன். அந்த இதழ் இப்போதும் வருகிறதா? நூல் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பாவாவை இதுவரை பார்த்திராத நான் எங்கிருந்து தொடங்குவது?


ஒலிநாடா எழுதியது:

வரவேற்கிறேன். இதழ் நின்றுவிட்டது. 184 இதழ்களோடு, 2016இன் பிற்பகுதியில் முடிவை அறிவித்தார்கள். கடைகள் குறைந்தன, விநியோகம் சுருங்கியது, எந்தப் பிரதி எவ்வளவு நீளம் என்ற செய்தி இணையத்தில் அன்றன்றே கிடைக்கத் தொடங்கியது. ஒருவகையில் லூக்காஸ் கற்றுக்கொடுத்த பழக்கம் ஊரெங்கும் பரவியதால், அதைக் கற்றுக்கொடுத்த இதழின் தேவை குறைந்துபோனது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அவருடைய உழைப்பு இப்போது பெரும்பாலும் விளக்கவுரைகளில் இருக்கிறது. பாவாவின் 1960ஆம் ஆண்டுப் படமான 'பிளாக் சண்டே'க்கு 1999இல் வந்த டிவிடியில் பேசத் தொடங்கினார். அதன் பிறகு நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். நூல் கைக்கு எட்டவில்லை என்றால் அவற்றைக் கேளுங்கள். நடிகை பார்பரா ஸ்டீல் முதன்முதலில் நாய்களோடு இடிபாடுகளின் நடுவே வந்து நிற்கும் காட்சியில் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, மீண்டும் ஒலி இல்லாமல் அதே காட்சியைப் பாருங்கள்.


மூன்றாம் ரீல் எழுதியது:

புது உறுப்பினருக்கு நான் வேறொரு வழியைச் சொல்வேன். 'லிசா அண்ட் த டெவில்' படத்தையும் 'த ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்' படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள். முன்னது 1973இல் பாவா தன் விருப்பப்படி எடுத்த கனவு போன்ற படம். வாங்க ஆள் வரவில்லை. பேயோட்டும் அமெரிக்கப் படம் ஒன்று உலகெங்கும் வசூலை அள்ளியதும், தயாரிப்பாளர் புதிய காட்சிகளை எடுக்கச் செய்து, ராபர்ட் ஆல்டாவைப் பாதிரியாராக்கி, எல்கே சோமரை வாந்தி எடுக்க வைத்து, பழைய படத்தை நடுநடுவே வெட்டி ஒட்டி 1975இல் வெளியிட்டார். ஒரே நடிகையின் ஒரே பார்வை, முதல் படத்தில் ஏக்கமாகவும் இரண்டாவதில் பேய் பிடித்ததன் அறிகுறியாகவும் ஆகிவிடுவதைக் காண்பீர்கள். முதலில் 'லிசா'வைப் பாருங்கள். வரிசை முக்கியம்.


நிழற்கூத்து எழுதியது:

மூன்றாவது இரவுக்கு 'பிளாக் சாபத்' இத்தாலியப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கார்லாஃபின் குரலுக்காக அமெரிக்கப் பிரதியைப் பின்னர் பார்க்கலாம். கடைசி வரிசை அவர்களின் கருத்தை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

இத்தாலியப் பிரதியின் முடிவில் கார்லாஃப் குதிரை மேல் பாய்ந்து வருகிறார், மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. திடீரென்று கேமரா பின்வாங்குகிறது. குதிரை ஒரு பொம்மை. மரங்கள் என்று நாம் நம்பியவை, படப்பிடிப்புத் தளத்து ஆட்கள் கையில் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வட்டமாக ஓடுவது. அமெரிக்காவில் 1964இல் இந்தப் படத்தைப் பார்த்த எவரும் இந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. அங்கே வெளியான பிரதியில் அது இல்லை.